யூல்டைட்: ஒரு பொழுதின் பெயர்

சென்ற ஆண்டு நவம்பர் கடைசியில், நான் மெய்ப்புத் திருத்தும் அச்சகத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நலச்சங்கத்தார், தங்கள் குடியிருப்பில் உள்ள எல்லா வீடுகளுக்கும் கொடுப்பதற்காக ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சிடச் சொல்லியிருந்தார்கள். பால்வெள்ளை நிறத்தில் தடித்த அட்டை. இடப்பக்க மூலையில் முள்விளிம்பு கொண்ட ஹாலி இலைகளும் மூன்று சிவப்புப் பழங்களும். நடுவில் பொன்னிற எழுத்தில் ‘யூல்டைட் கிரீட்டிங்ஸ்’ என்ற ஆங்கில வரி. அதற்குக் கீழே சற்றுச் சிறிய எழுத்தில் ‘யூல் அலை வாழ்த்துகள்’ என்ற தமிழ் வரி. என் சிவப்புப் பேனா ‘அலை’யைச் சுற்றி வட்டமிட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. அதை அடித்துவிடுவது எளிது. அந்த இடத்தில் எதை எழுதுவது என்றுதான் எனக்கு உடனே பிடிபடவில்லை.

தமிழ் வரியைத் தட்டச்சு செய்திருந்த டிடிபி தம்பியை அழைத்துக் கேட்டேன். “ஏன்க்கா, டைட்னா கடல் அலைதானே? யூல் என்னன்னு தெரியல, அதனால அப்படியே விட்டுட்டேன்” என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதும், எந்த இடத்தில் பிரிக்க வேண்டும் என்பதும் அவனுக்குச் சரியாகவே தெரிந்திருந்தன. பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடத்தில் ‘ஓதம்’ என்று படித்த அதே ஆங்கிலச் சொல் இங்கே வேறு பொருளில் நிற்கிறது என்பதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் மின்னஞ்சலிலும் விளம்பரத்திலும் ஆங்கிலச் செய்தித்தாளின் தலைப்பிலும் இந்தச் சொல்லைப் பார்த்து, கிறிஸ்துமஸ் தொடர்பான ஏதோ ஒன்று என்று ஊகித்துக்கொண்டு கடந்துபோகிறவர்கள் பலர் இருப்பார்கள். அன்று அவனுக்குச் சொன்னதையும், அதன்பின் நான் தேடிப் படித்ததையும் அவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

‘டைட்’ என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தவறு நிகழும் இடம் அதுதான். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொழுது, வேளை, காலம் என்பவையே பொருள். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாடுகளில் இன்றும் காலத்தைக் குறிக்கும் ‘டீட்’ என்ற சொல்லும், ஜெர்மானியர்களின் ‘ட்சைட்’ என்ற சொல்லும் இதனுடன் பிறந்தவை. ஆங்கிலத்தில் கடலின் ஏற்ற இறக்கத்தை இந்தச் சொல் குறிக்கத் தொடங்கியது 14-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான். கடல் ஏறுவதும் வற்றுவதும் குறித்த வேளை தவறாமல் நடப்பதால், வேளையின் பெயர் அந்த வேளையில் நடக்கும் காரியத்தின் மேல் ஏறிக்கொண்டது. பிறகு காலத்தைச் சொல்லும் வேலையை ‘டைம்’ என்ற மற்றொரு சொல் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள, இதற்குக் கடல் மட்டுமே மிஞ்சியது.

தமிழர்களுக்கு இது எளிதில் விளங்கக்கூடிய மாற்றம். நம்முடைய ‘பொழுது’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பொழுது, சிறுபொழுது என்று இலக்கணம் பேசும்போது அது காலம். ‘பொழுது கிளம்பிவிட்டது’, ‘பொழுது சாய்ந்துவிட்டது’ என்று கிராமத்தில் சொல்லும்போது அது சூரியன். காலத்தைக் குறித்த சொல், காலத்தை நமக்குக் காட்டித்தரும் பொருளுக்கும் பெயராகிவிட்டது. நம் சொல் வானத்துக்குப் போயிற்று. ஆங்கிலச் சொல் கடலுக்குப் போயிற்று. தம்பிக்கு இந்த ஒப்புமையைச் சொன்னதும் முகம் தெளிந்தது. அப்படியானால் ‘பொழுது’ என்று வரும் இடத்தில் ‘சூரியன்’ என்று மொழிபெயர்த்ததுபோல் ஆகிவிட்டதா என்று அவனே கேட்டான்.

கடலுக்குப் போகாமல் பழைய பொருளிலேயே தங்கிவிட்ட ‘டைட்’ இன்னும் சில கூட்டுச்சொற்களில் உயிரோடு இருக்கிறது. மாலைப்பொழுதை ‘ஈவன்டைட்’ என்றும், நண்பகலை ‘நூன்டைட்’ என்றும் பழைய ஆங்கிலக் கவிதைகளிலும் வழிபாட்டுப் பாடல்களிலும் காணலாம். திருச்சபையின் ஆண்டில் ஈஸ்டர் காலத்துக்கு ‘ஈஸ்டர்டைட்’, பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டிய நாட்களுக்கு ‘விட்சன்டைட்’, தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய சில நாட்களுக்கு ‘ஷ்ரோவ்டைட்’ என்று பெயர்கள் உண்டு. ஒழுங்கைக் குறிக்கும் ‘டைடி’ என்ற சொல்கூட முதலில் ‘வேளையோடு அமைந்தது’ என்றே பொருள்பட்டது. இத்தனையையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால், யூல்டைட் என்பது ‘யூல் காலம்’ என்று தானே விளங்கிவிடும்.

இனி யூல். இது கிறிஸ்தவத்துக்கு முந்தைய சொல். ஜெர்மானிய மொழிகள் (ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் முதலியவை அடங்கிய குடும்பம்) பேசிய மக்கள் வட ஐரோப்பாவில் நடுக்குளிர்காலத்தில் கொண்டாடிய விழாவுக்கும், அதை ஒட்டிய மாதங்களுக்கும் இதுவே பெயராக இருந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, இன்று வழக்கில் இல்லாத காதிக் மொழியில் எஞ்சியிருக்கும் ஒரு நாட்காட்டித் துண்டில் நவம்பர் மாதத்துக்கு எதிரே ‘முதல் யூல்’ என்று பொருள்படும் சொற்கள் காணப்படுகின்றன. ஸ்காண்டிநேவிய மொழிகளின் மூதாதையான பழைய நார்ஸ் மொழியில் இது ‘யோல்’. பழைய ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அதே ஒலிதான். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்று நாடுகளிலும் கிறிஸ்துமஸுக்கு இன்றும் ‘யூல்’ என்பதே அன்றாடப் பெயர். முற்றிலும் வேறு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த ஃபின்னிஷ் மொழிகூட இதைக் கடன் வாங்கி, டிசம்பரை ‘யூல் மாதம்’ என்று அழைக்கிறது. இந்த ஜெர்மானியச் சொல்லுக்கு அப்பால் உள்ள வேர் எது என்பதில் அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. சக்கரம் என்று பொருள்படும் நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது என்ற விளக்கம் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. சுழலும் ஆண்டுக்குப் பொருத்தமாகத் தோன்றினாலும், மொழியியலார் அதை ஏற்பதில்லை.

இங்கிலாந்தில் இந்தச் சொல்லுக்கு மிகத் தெளிவான சாட்சி பீட் என்ற துறவி. வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த அவர், 725-ஆம் ஆண்டு காலக் கணக்கைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். அதில் ஆங்கிலேயரின் பழைய மாதப் பெயர்களைச் சொல்லும்போது, டிசம்பர், ஜனவரி இரண்டுக்கும் ‘ஜியூலி’ என்ற ஒரே பெயர் இருந்ததைக் குறிப்பிடுகிறார். அந்தப் பெயருக்கு அவர் தரும் காரணம், சூரியன் திரும்பி வளரத் தொடங்கும் நாளுக்கு முன்னால் ஒரு மாதமும் பின்னால் ஒரு மாதமுமாக அவை அமைந்திருக்கின்றன என்பது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உத்தராயணம் நினைவுக்கு வந்தது. அதைவிட, மார்கழியையும் தையையும் சேர்த்து முன்பனிக்காலம் என்று ஒரே பெயரால் அழைத்த நம் பெரும்பொழுதுப் பகுப்பு நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு மாதங்களைச் சேர்த்து ஒரே பொழுதாகப் பார்க்கும் கண் நமக்குப் பழகிய கண்தான் என்பதால், யூல் என்பதை ஒரு நாளின் பெயராக அல்லாமல் ஒரு பருவத்தின் பெயராகப் புரிந்துகொள்வது தமிழர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்று எளிதாகவே இருக்க வேண்டும்.

இந்தப் பருவம் எப்படிக் கிறிஸ்து பிறப்பு விழாவோடு ஒட்டிக்கொண்டது என்பதற்கு நார்வேயிலிருந்து ஓர் அருமையான செய்தி உண்டு. 10-ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டை ஆண்ட ஹாகோன் என்ற அரசர், இங்கிலாந்தின் அரசர் ஏதல்ஸ்டனின் அரண்மனையில் கிறிஸ்தவராக வளர்ந்தவர். நாடு திரும்பியபோது மக்கள் இன்னும் பழைய தெய்வங்களையே வணங்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய வரலாற்றை 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி ஸ்டர்லூசன் சொல்வதன்படி, யூல் விழா அதற்கு முன்பு நடுக்குளிர்கால இரவில் தொடங்கி மூன்று இரவுகள் நடந்து வந்தது. அதைக் கிறிஸ்தவர்கள் திருநாள் கொண்டாடும் அதே வேளையில் தொடங்க வேண்டும் என்று ஹாகோன் சட்டம் செய்தார். கூடவே, ஒவ்வொருவரும் குறித்த அளவு பார்லி மது காய்ச்சி வைத்திருக்க வேண்டும், அது தீரும்வரை விழாநாட்களாகக் காக்க வேண்டும் என்றும் விதித்தார். நடந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது என்ற எச்சரிக்கையோடுதான் இதைப் படிக்க வேண்டும். ஆனால் அந்தக் கடைசி விதியை என்னால் மறக்க முடியவில்லை. விழா எத்தனை நாள் என்பதற்கு நாட்காட்டியைப் பார்க்காமல் வீட்டுப் பீப்பாயைப் பார்த்திருக்கிறார்கள். யூல் ஒரு தேதி அல்ல, ஒரு நீளம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த அகராதியிலும் நான் கண்டதில்லை.

இங்கிலாந்திலும் இதே சேர்க்கை நடந்தது, ஆனால் சட்டமின்றி மெல்ல நடந்தது. பழைய ஆங்கிலத்தில் கிறிஸ்து பிறப்பு நாளை யூல் என்றும் நடுக்குளிர்காலம் என்றும் எழுதினார்கள். 1066-ஆம் ஆண்டு இங்கிலாந்தை வென்ற நார்மண்டிப் பிரபு வில்லியம் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடியது டிசம்பர் 25-ஆம் நாள். அன்றைய ஆங்கிலேய ஆண்டுக்குறிப்பு அதை ‘நடுக்குளிர்கால நாள்’ என்றே பதிவு செய்திருக்கிறது. ‘கிறிஸ்துவின் திருப்பலி’ என்று பொருள்படும் கிறிஸ்துமஸ் என்ற பெயர் 11-ஆம் நூற்றாண்டிலிருந்துதான் எழுத்தில் தென்படுகிறது. பிறகு அதுவே பொதுப்பெயராகிவிட, யூல் என்ற சொல் டேனிஷ் மக்கள் குடியேறியிருந்த வடக்குப் பகுதியிலும் ஸ்காட்லாந்திலும் ஒதுங்கி வாழ்ந்தது.

ஸ்காட்லாந்தில் அதன் கதை சற்றுத் துயரமானது. அங்கே சீர்திருத்தத் திருச்சபை ஓங்கிய பிறகு, வேதத்தில் கட்டளையிடப்படாத திருநாள் என்று இதை ஒதுக்கினார்கள். 1640-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் யூல் விடுமுறையையே சட்டத்தால் நீக்கியது. பின்னாளில் அந்தச் சட்டம் போனாலும் பழக்கம் போகவில்லை. கிறிஸ்துமஸ் அங்கே பொது விடுமுறையானது 1958-இல்தான். ஷெட்லாந்துத் தீவுகளில் ஒன்றான ஃபூலாவில் மட்டும் பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டு, இன்றும் ஜனவரி 6-ஆம் நாள் யூல் கொண்டாடுகிறார்கள்.

யூல்டைட் என்ற கூட்டுச்சொல் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் கிடைக்கிறது. ஆனால் இன்று நமக்கு வந்து சேர்ந்திருக்கும் அதன் மணம் 19-ஆம் நூற்றாண்டுடையது. தொழிற்சாலைகளும் ரயில்களும் பெருகிய விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், பழைய கிராமத்துக் கொண்டாட்டத்தின் மேல் ஏக்கம் கொண்ட எழுத்தாளர்கள் மறந்திருந்த இந்தச் சொல்லைத் தேடி எடுத்து மீண்டும் புழக்கத்தில் விட்டார்கள். பெரிய அடிமரத்தை அடுப்பில் இட்டு நாட்கணக்கில் எரியவிடும் ‘யூல் லாக்’ வழக்கமும், முந்தைய ஆண்டின் எரிந்த கட்டையில் மிச்சம் வைத்து அதைக்கொண்டே புதிய கட்டையைப் பற்றவைக்கும் வழக்கமும் அவர்களுடைய எழுத்தில் புத்துயிர் பெற்றன. அந்த மரக்கட்டையின் வடிவில் சாக்லேட் பூசிச் சுருட்டிய கேக்கை நம் ஊர் பேக்கரிகள் சிலவும் டிசம்பரில் அடுக்கி வைக்கின்றன. அதன் மேல் முள்கரண்டியால் கீறிய கோடுகள் மரப்பட்டையைக் காட்டுவதற்காக என்பது வாங்குகிறவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

இந்த வரலாறு இருப்பதால்தான் சொல்லின் இன்றைய பயன்பாட்டில் ஒரு தனி நிறம் இருக்கிறது. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து யாரும் ‘ஹேப்பி யூல்டைட்’ என்று சொல்வதில்லை. அங்கே ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ அல்லது ‘ஹேப்பி கிறிஸ்துமஸ்’தான். யூல்டைட் எழுத்துக்குரிய சொல், சற்றே பழமை தோய்ந்த சொல். வாழ்த்து அட்டைகளிலும் பாடல்களிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் அது அழகாக அமரும். பெரும்பாலும் மற்றொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வரும்: யூல்டைட் கிரீட்டிங்ஸ், யூல்டைட் கேரல்ஸ், யூல்டைட் ஸ்பிரிட். தனியாக வந்தால் ‘அட் யூல்டைட்’, ‘திஸ் யூல்டைட்’ என்று காலத்தைச் சொல்லும் சொற்களோடு வரும். இடையில் ‘தி’ போடுவது பொதுவாகத் தேவையில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுவதே வழக்கம். இரண்டு சொல்லாகப் பிரிக்காமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும். நடுவில் உள்ள ‘ஈ’ எழுத்தைப் பார்த்து ‘யூலேடைட்’ என்று வாசிக்கிறவர்களை நான் மேடையிலேயே கேட்டிருக்கிறேன். அந்த எழுத்துக்கு இங்கே ஒலி இல்லை, ‘யூல்-டைட்’ என்று இரண்டே அசை.

‘யூல்டைட் சீசன்’ என்ற தொடரைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டைட் என்பதே பருவம் என்பதால், இது ‘யூல் காலக் காலம்’ என்று சொல்வதுபோல் ஆகிறது. பிலிப்பைன்ஸ், நைஜீரியா போன்ற நாடுகளின் ஆங்கிலச் செய்திகளில் இத்தொடர் ஊன்றிவிட்டது. அங்கே அது பிழை என்று சொல்ல நான் யார்? ஆனால் நாம் புதிதாக எழுதும் ஒரு அட்டையிலோ அறிவிப்பிலோ ‘யூல்டைட்’ என்று மட்டும் நிறுத்திவிடுவதே செம்மையாக இருக்கும்.

எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்ற கேள்வியைத் தம்பியும் கேட்டான். திருச்சபை வழக்கில் கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி 6-ஆம் நாள் வரும் திருக்காட்சித் திருநாள்வரை நீளும் நாட்களையே பழைய யூல்டைட்டின் அளவாகக் கொள்ளலாம். கடைக்காரர்கள் டிசம்பர் முழுவதையும் அப்படி அழைக்கிறார்கள். ஆனால் டிசம்பரின் முதல் மூன்று வாரங்கள் கிறிஸ்தவர்களுக்குத் திருவருகைக் காலம், காத்திருப்பின் நாட்கள். டிசம்பர் 1-ஆம் தேதியே யூல்டைட் வாழ்த்து அனுப்புவது, போகிக்கு முன்பே பொங்கல் பொங்கிவிட்டதா என்று கேட்பதுபோல் சற்று முந்திக்கொள்வதாகவே எனக்குப் படுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மேலைநாடுகளில் பழைய ஐரோப்பிய வழிபாட்டை மீட்டெடுத்துப் பின்பற்றுகிறவர்கள், டிசம்பர் 21-ஐ ஒட்டி வரும் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளை, அதாவது ஆண்டின் மிகக் குறுகிய பகல் கொண்ட நாளை, ‘யூல்’ என்ற பெயரிலேயே கொண்டாடுகிறார்கள். ஆகவே ‘யூல்’ என்று தனியே எழுதினால் சிலருக்கு அந்த வழிபாடு நினைவுக்கு வரலாம்; கிறிஸ்தவர்களில் சிலர் அதனாலேயே இந்தச் சொல்லைத் தவிர்ப்பதும் உண்டு. ‘யூல்டைட்’ என்று முழுமையாக எழுதும்போது பெரும்பாலோர் கிறிஸ்துமஸ் காலத்தையே எண்ணுகிறார்கள்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்பதே என் மேசைக்கு வந்த கேள்வி. ஒரே திருநாளுக்கு ஐரோப்பா தந்த மூன்று பெயர்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் என்பது வழிபாட்டின் பெயர். இலங்கைத் தமிழர் சொல்லும் ‘நத்தார்’, போர்ச்சுகீசியரின் ‘நத்தால்’ வழியாக வந்த பிறப்பின் பெயர். யூல்டைட் பொழுதின் பெயர். தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இந்த மூன்றாவது வகைக்குச் சொல் பஞ்சமே இல்லை: திருவருகைக் காலம், தவக்காலம், பாஸ்கா காலம் என்று ‘டைட்’ செய்யும் வேலை முழுவதையும் ‘காலம்’ என்ற சொல் தலைமுறைகளாகச் செய்துவருகிறது. கத்தோலிக்க நாட்காட்டியில் ‘கிறிஸ்து பிறப்புக் காலம்’ என்றே அச்சிடுகிறார்கள். பல சமயத்தாரும் வாழும் குடியிருப்புக்கு ‘கிறிஸ்துமஸ் காலம்’ என்பது பொருந்தும். யாழ்ப்பாணத்து வாசகருக்கானால் ‘நத்தார் காலம்’ என்று எழுதியிருப்பேன். யூல் என்ற சொல்லுக்குள் இருக்கும் குளிரும் இருட்டும் எரியும் மரக்கட்டையும் இந்த மொழிபெயர்ப்பில் வந்து சேரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். ஆனால் அந்தக் குளிரை அறியாத ஊரில், அந்த அட்டை சொல்ல வந்த செய்திக்கு அது தேவைப்படவும் இல்லை.

சிவப்பு வட்டத்துக்கு மேலே ‘கிறிஸ்துமஸ் கால வாழ்த்துகள்’ என்று எழுதினேன். தம்பி அதைத் திரையில் ஏற்றிவிட்டு, “எப்ப கொடுக்கப் போறாங்கன்னு கேட்கட்டுமாக்கா?” என்றான். நலச்சங்கத்தின் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தான். டிசம்பர் 2-ஆம் தேதி வீடுவீடாகக் கொடுக்கத் திட்டமிட்டிருந்தவர்கள், 24-ஆம் தேதி மாலைக்கு மாற்றிக்கொண்டார்கள்.